விண்கலத்திற்கு முதலில் எதை வாங்குவது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

விளையாட்டு என்றாலே படிப்புக்குப் பகை என்று கருதும் பெரியோர் பலர். அதிலும் கணிப்பொறி விளையாட்டு என்றால் சொல்லவே வேண்டியதில்லை. பரீட்சை நேரத்தில் அதைத் தொட்டு நானும் திட்டு வாங்கியிருக்கிறேன். அதில் நியாயமும் உண்டு. ஆனால் கோடை விடுமுறையில் என் அண்ணன் கற்றுக் கொடுத்த ஒரு விண்வெளி விளையாட்டு, வகுப்பில் எத்தனை முறை படித்தும் மனத்தில் ஒட்டாத கூட்டு வட்டிக் கணக்கை எனக்குப் புரிய வைத்தது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கவும் அது உதவியது. புதிதாக ஆடத் தொடங்குகிறவர் தம் விண்கலத்திற்கு எந்தக் கருவியை எப்போது வாங்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆடாதவர்களும் இதைப் படிக்கலாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

விளையாட்டின் வரலாறு

விளையாட்டின் பெயர் ‘எலைட்’. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் இதை எழுதினர். 1984-ஆம் ஆண்டு ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. அது ஓடிய பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. அந்தச் சிறிய இடத்தில் அவர்கள் 8 அண்டங்களையும், அண்டத்திற்கு 256 உலகங்கள் வீதம் மொத்தம் 2048 உலகங்களையும் அடக்கிவிட்டனர்.

இது எப்படி முடிந்தது? அவர்கள் உலகங்களைச் சேமித்து வைக்கவில்லை. மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டி அடுத்த எண், பிறகு கடைசி மூன்றையும் கூட்டி அதற்கடுத்த எண் என்று தொடர்ந்து பெற்றனர். நாம் கணக்குப் பாடத்தில் காணும் ஃபிபனாச்சித் தொடரின் தங்கை என்று இதைச் சொல்லலாம். அந்த எண்களிலிருந்தே ஒவ்வோர் உலகத்தின் பெயர், ஆட்சி முறை, தொழில் எல்லாம் பிறக்கின்றன. தொடர் எப்போதும் ஒன்றே ஆகையால், யார் ஆடினாலும் அதே உலகங்கள் அதே இடத்தில் இருக்கும். என் அண்ணன், பழைய பி.பி.சி. மைக்ரோவைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலைத் தன் கணிப்பொறியில் ஏற்றி எனக்கு இதைக் காட்டினான். திரையில் கோடுகள்தாம் தெரியும். வண்ணப் படங்களைத் தேடினால் ஏமாற்றமே.

கையிருப்பு என்ன?

ஆட்டம் ‘லேவ்’ என்னும் உலகத்தில் தொடங்குகிறது. நம்மிடம் ‘கோப்ரா மார்க் த்ரீ’ என்ற விண்கலம் இருக்கும். 20 டன் சரக்கு ஏற்றலாம். 7 ஒளியாண்டு செல்லும் எரிபொருள், முன்பக்கம் ஒரு பல்ஸ் லேசர், 3 ஏவுகணைகள், இவற்றுடன் 100 கிரெடிட் பணம். அவ்வளவுதான். ஓர் உலகில் சரக்கு வாங்கி, மற்றோர் உலகில் விற்று, லாபத்தில் கலத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டே போக வேண்டும். வழியில் கொள்ளையர் வருவர். போரில் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ‘ஆபத்தற்றவர்’ என்ற பட்டத்தில் தொடங்கி ‘எலைட்’ என்ற பட்டம் வரை உயரலாம்.

கடையில் இருக்கும் முக்கியக் கருவிகளும் அவற்றின் விலையும் கிரெடிட் கணக்கில் பின்வருமாறு:

ஏவுகணை ஒன்று: 30
பெரிய சரக்கு அறை: 400
கூடுதல் பல்ஸ் லேசர்: 400
எரிபொருள் அள்ளும் கருவி: 525
ஏவுகணை எதிர்ப்புக் கருவி: 600
ஆற்றல் குண்டு: 900
பீம் லேசர்: 1000
தப்பிக்கும் கூடு: 1000
கூடுதல் ஆற்றல் அலகு: 1500
நிலையத்தில் தானே சேர்க்கும் கருவி: 1500
அடுத்த அண்டத்திற்குத் தாவும் இயந்திரம்: 5000

பொருட்காட்சிக்குப் போன குழந்தையைப் போல இப்பட்டியலைக் கண்டதும் எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். கையில் இருப்பதோ 100. தவறு செய்ய இடம் கொடுப்பது இந்த ஆசைதான்.

என் தவறும் தம்பியின் தவறும்

நானும் என் தம்பியும் தனித்தனியே ஆட்டத்தைத் தொடங்கினோம். எனக்குக் கொள்ளையரைக் கண்டால் பயம். ஆகவே சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறத்தாழ 1070 கிரெடிட் ஆனதும் 1000 கொடுத்து பீம் லேசர் வாங்கிவிட்டேன். கையில் மிஞ்சியது 70. அதில் ஒரே ஒரு டன் நல்ல சரக்குத்தான் வாங்க முடிந்தது. கலத்தில் வலிமையான ஆயுதம் இருந்தது. பாதுகாக்கப் பொருள்தான் இல்லை. ஆறேழு முறை போய்வந்து சேர்த்த பணம் போய், தொடங்கிய நாளின் நிலைக்கே வந்துவிட்டேன்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் அவன் செய்ததும் அதே தவறுதான். 430 கிரெடிட் சேர்ந்தவுடன் 400-க்குப் பெரிய சரக்கு அறையை வாங்கினான். 20 டன் அறை 35 டன் அறை ஆயிற்று. மீதி 30 கிரெடிட்டில் எதை வாங்கி அதை நிரப்புவது? பெரிய பத்தாயம் கட்டினான், போட நெல் இல்லை.

அன்று மாலை அண்ணன் எங்கள் இருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, “இனிமேல் கணக்குப் போட்டுவிட்டு ஆடுங்கள்” என்றான்.

முதல் எப்படி வளர்கிறது?

லேவ் ஒரு வேளாண்மை உலகம். அங்கே உணவுப் பொருள் டன் 3.6 முதல் 4 கிரெடிட் வரை விற்கும். எட்டிய தூரத்திலுள்ள ‘ஜாவோன்ஸ்’ ஒரு தொழில் உலகம். அங்கே அதே உணவு 6.8 முதல் 7.2 வரை விலை போகும். ஆகவே லேவில் உணவு வாங்கி ஜாவோன்ஸில் விற்க வேண்டும். திரும்பி வரும்போது வெறுங்கலமாக வரக்கூடாது. ஜாவோன்ஸில் கணிப்பொறிகள் டன் ஏறத்தாழ 68 கிரெடிட். லேவில் ஏறத்தாழ 90. டன்னுக்கு 22 லாபம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் உணவில்தான் லாபம் அதிகம். 4 போட்டால் 7 வருகிறது. ஆனால் லேவ் சந்தையில் ஒரு நேரத்தில் 16 அல்லது 17 டன் உணவுதான் கிடைக்கும். ஆகவே நம்மிடம் ஆயிரம் இருந்தாலும் உணவில் ஒரு நடைக்கு 50 கிரெடிட் அளவே லாபம். கணிப்பொறியில் நூற்றுக்கு 32 தான் லாபம். ஆனால் பணம் உள்ள வரை வாங்கலாம், அறை கொள்ளும் வரை ஏற்றலாம்.

எரிபொருள் ஓர் ஒளியாண்டுக்கு 2 கிரெடிட். ஒரு வழிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். உணவில் லாபம் 50, கணிப்பொறி டன்னுக்கு லாபம் 22 என்று கொண்டு, எதையும் வாங்காமல் எல்லாப் பணத்தையும் சரக்கிலேயே போட்டால் ஒவ்வொரு முறை போய்வந்த பின்னும் கையிருப்பு இப்படி வளரும்:

100, 174, 270, 388, 550, 756, 1028, 1388, 1858.

தோழியரே, முதல் நடையில் கூடியது 74. எட்டாம் நடையில் கூடியது 470. லாபமும் முதலோடு சேர்ந்து லாபம் ஈட்டுகிறது. நம் புத்தகத்தில் உள்ள கூட்டு வட்டி இதுவே அன்றி வேறில்லை. நான் பீம் லேசர் வாங்கியது ஏழாம் நடையில். இன்னும் இரண்டே நடை பொறுத்திருந்தால் 1858 கையில் இருந்திருக்கும்.

எப்போது வாங்க வேண்டும்?

எட்டாம் நடையில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. ஜாவோன்ஸில் நம் கையில் 1428 இருக்கும். 20 டன் கணிப்பொறிக்கு 1360 போதும். அறை நிரம்பிவிட்டது! இனிமேல் பணம் எவ்வளவு இருந்தாலும் 20 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. நடைக்கு 470 என்ற அளவிலேயே லாபம் நின்றுவிடும். அதாவது கூட்டு வட்டி தனி வட்டியாக மாறிவிடுகிறது. பெரிய சரக்கு அறை வாங்க வேண்டிய வேளை இதுதான். அதற்கு ஒரு நாள் முந்தினாலும் பண்டமில்லாத பத்தாயம். பிந்தினால் பணம் சும்மா தூங்கும்.

இதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் நடையில் 400 கொடுத்து அறையை வாங்கினால் கையிருப்பு முறையே 1972, 2640, 3440 என்று போகிறது. வாங்காவிட்டால் 2328, 2798, 3268. முதல் இரண்டு நடைகளில் வாங்கியவர் பின்தங்கியிருக்கிறார். மூன்றாம் நடையில் முந்திவிடுகிறார். அதன்பின் அவருக்கு நடைக்கு 800, மற்றவருக்கு 470. வாங்கிய உடனே பலனை எதிர்பார்த்துக் கலங்குகிறவர்கள் இந்த இரண்டு நடைகளை நினைவில் கொள்ள வேண்டும்.

தொடாப் பணம்

35 டன் அறையை நிரப்ப 2380 கிரெடிட் வேண்டும். இதற்கு நான் ‘தொடாப் பணம்’ என்று பெயர் வைத்து நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன். எந்தக் கருவி வாங்கினாலும், வாங்கிய பிறகு கையில் இந்தத் தொகை மிஞ்ச வேண்டும். பன்னிரண்டாம் நடையில் ஜாவோன்ஸில் 3480 இருக்கும். 1000 கொடுத்து பீம் லேசர் வாங்கினாலும் 2480 மிஞ்சுகிறது. அறை நிறைய சரக்கு ஏற்றலாம். அடுத்த நடையில் 600 கொடுத்து ஏவுகணை எதிர்ப்புக் கருவி வாங்கலாம். அப்போதும் முதலுக்கு மோசமில்லை. அதே லேசர்தான். ஏழாம் நடையில் என்னைக் கவிழ்த்தது, பன்னிரண்டாம் நடையில் காத்தது.

“அதுவரை கொள்ளையரை என்ன செய்வது?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பாதையைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வோர் உலகத்திற்கும் ஓர் ஆட்சி முறை உண்டு. அரசே இல்லாத உலகங்களில் கொள்ளையர் மிகுதி. ஜாவோன்ஸ் போன்ற கட்டுப்பாடான உலகங்களில் குறைவு. இரண்டாவது, இருக்கும் பல்ஸ் லேசரையும் 3 ஏவுகணைகளையும் சரியாகப் பயன்படுத்தப் பழகுவது. லேசரை விடாமல் சுட்டால் சூடேறி நின்றுவிடும். விட்டு விட்டுச் சுட வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு முறை நிலையம் சேர்ந்ததும் ஆட்டத்தைப் பதிவு செய்து வைப்பது. கலம் அழிந்தால் பதிவு செய்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

விரைவில் பணம் சேர்க்க ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. அடிமைகள், போதைப் பொருள், ஆயுதம் ஆகியவற்றைக் கடத்தினால் காவலர் நம்மைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்ப்பர். பிறகு காவல் கலங்களே துரத்தும். தம்பி ஒரு முறை முயன்று பார்த்தான். தப்பி ஓடுவதிலேயே அவன் காலம் கழிந்தது. விளையாட்டிலும் மனிதரை விற்க எனக்கு மனம் வரவில்லை.

பழகினால் வருவதற்குப் பணம் எதற்கு?

விண்வெளி நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் நடுவில் ஒரு சிறு வாசல். நம் கலத்தையும் அதே வேகத்தில் சுழற்றி, நேராக உள்ளே நுழைய வேண்டும். தவறினால் மோதிச் சிதற வேண்டியதுதான். நான் எத்தனை முறை சிதறினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்த வேலையைத் தானே செய்யும் கருவிக்கு விலை 1500. அது இருபது டன் கணிப்பொறியின் விலையைவிட அதிகம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் வீதம் மூன்று வாரம் பழகினேன். தொலைவிலேயே வாசலுக்கு நேராக வந்துவிட்டு மெதுவாகச் செல்ல வேண்டும் என்பதே ரகசியம். இப்போது அக்கருவி எனக்குத் தேவையில்லை. கையால் கற்கக்கூடியதைக் காசால் வாங்கக்கூடாது என்பதை இதனால் அறிந்தேன்.

மற்றக் கருவிகளையும் இப்படியே எடை போடலாம். எரிபொருள் அள்ளும் கருவி இருந்தால் சூரியனை ஒட்டிப் பறந்து இலவசமாக எரிபொருள் நிரப்பலாம். விண்ணில் மிதக்கும் சரக்குப் பீப்பாய்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எரிபொருளுக்காக மட்டும் என்றால், முழுத் தொட்டிக்கே 14 கிரெடிட்தான். 525-ஐ மீட்க 37 தொட்டிகளுக்கு மேல் அள்ள வேண்டும். போரில் வென்று பீப்பாய்களைப் பொறுக்கும் திறமை வந்த பிறகே அதனால் பயன். ஆற்றல் குண்டு ஒரே முறைதான் வெடிக்கும். வரவு தராத இத்தகைய பொருள்கள் பட்டியலின் அடியில் இருக்கட்டும்.

இதே விளையாட்டின் வழித்தோன்றலாக 2014-இல் ‘எலைட் டேஞ்சரஸ்’ வெளிவந்தது. அதில் கலம் அழிந்தால், கலமும் கருவிகளும் சேர்ந்த மதிப்பில் நூற்றுக்கு 5 வீதம் கட்டினால் மீண்டும் கிடைக்கும். கட்டப் பணமில்லையென்றால் கலம் போயிற்று. ஆகவே அதை ஆடுவோரும் ஒரு தொடாப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ஏப்ரல் மாதம் அவருக்கு முப்பதாயிரம் ரூபாய் சீட்டுப் பணம் வந்தது. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இதுவரை ஒவ்வொரு துணியையும் வெளியே கொடுத்து, துணிக்குப் பத்து ரூபாய் வீதம் கொடுத்து வந்தார். புதிய மெஷின் இருபத்திரண்டாயிரம்.

பீம் லேசர் வாங்கி நான் நொடித்துப்போன கதையைச் சொன்னபோது அம்மா தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “மெஷினை வாங்கிப்போட்டுட்டு நூல் வாங்கக் காசில்லாம உட்கார்ந்திருந்த கதைதான் இது. அந்த நோட்டைக் கொண்டா” என்றார். அன்று இரவு நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடை வேலை வரும். சீருடைத் துணியை நாமே மொத்தமாக எடுத்துத் தைத்துக் கொடுத்தால்தான் லாபம். துணி, நூல், பொத்தான், கொக்கி எல்லாவற்றிற்கும் பதினைந்தாயிரமாவது கையில் வேண்டும். அதுவே அம்மாவின் தொடாப் பணம். புதிய மெஷின் வாங்கினால் மிஞ்சுவது எட்டாயிரம், போதாது. பன்னிரண்டாயிரத்திற்கு ஒருவர் உபயோகித்த மெஷின் கிடைத்தது. நாளுக்கு எட்டுத் துணி என்றால் வெளிக்கூலி எண்பது ரூபாய் மிச்சம். நூற்றைம்பது நாளில் விலை மீண்டுவிடும். பதினெட்டாயிரம் கையில் இருக்கும்.

அம்மா அதையே வாங்கினார். அந்த மெஷின் இரண்டு முறை பழுதாகி எங்களை அழ வைத்தது உண்மை. பழுது பார்த்த செலவு எங்கள் கணக்கில் இல்லை. ஆகவே நூற்றைம்பது நாள் என்பது இன்னும் சில வாரம் தள்ளிப் போகும். ஆனால் ஜூன் மாதத்தில் துணி எடுக்க யாரிடமும் கடன் கேட்க வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு அதே மாதத்தில் வட்டிக்கு வாங்கிய பணத்தை அம்மா தீபாவளி வரை கட்டிக்கொண்டிருந்தார் என்பதை நான் அறிவேன்.

முடிவுரை

தோழியரே, புதிதாகத் தொடங்குகிறவர் எந்தக் கருவியையும் வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது என் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது எது? அந்தத் தடையை இக்கருவி நீக்குமா? இதை வாங்கிய பிறகு தொழில் நடத்தக் கையில் முதல் இருக்குமா? இதைப் பழகிக் கற்றுக்கொள்ள முடியாதா? இந்த நான்கிற்கும் விடை எழுதிய பிறகு கடைக்குச் செல்லுங்கள். பழுதுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பது ஐந்தாவது பாடம்; அதை எனக்குக் கற்பித்தது விண்கலமன்று, ஓவர்லாக் மெஷின்.

தம்பி இன்று ஆறாவது பட்டமான ‘தேர்ந்தவர்’ நிலையில் இருக்கிறான். நான் அதற்கு ஒரு படி கீழேதான். ஆனால் என் கலத்தில் 35 டன்னும் நிறைந்திருக்கிறது. ஆண்டுப் பரீட்சை முடியும் வரை அது ஜாவோன்ஸ் நிலையத்தில் பத்திரமாக நிற்கும். பதிவு செய்துவிட்டுத்தான் கணிப்பொறியை மூடியிருக்கிறேன்.